வறட்சி இருக்கிறது, மோதல் எங்கே? விவசாயத் தம்பதியை வைத்து எழுதும் கதை பற்றி

தூறல் எழுதியது:

வணக்கம். ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கணவன், மனைவி, வானம் பார்த்த பூமி. மழை பொய்த்து மூன்றாவது வருடம். கிணறு வற்றுகிறது, மாடு ஒன்று சாகிறது, மிஞ்சிய பயிரில் பூச்சி விழுகிறது. எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே தாங்குகிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்திருப்பவர்கள். அந்த அன்பை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

படித்த நண்பர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கிறார்கள்: "மனசு கனத்துப்போச்சு. ஆனா அடுத்து என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கத் தோணலை." ஒருவர் வட்டிக்காரனை வில்லனாகக் கொண்டுவரச் சொல்கிறார். இன்னொருவர் கணவனைக் குடிகாரனாக்கச் சொல்கிறார். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. குடி உள்ளே வந்தால் கதை குடியைப் பற்றியதாகிவிடும். வறட்சி சும்மா பின்னால் தொங்கும் திரைச்சீலை ஆகிவிடும்.

இயற்கையின் கொடுமை மட்டும் ஒரு கதைக்குப் போதாதா? போதாது என்றால், அந்த அன்பைக் கெடுக்காமல் மோதலை எங்கிருந்து கொண்டுவருவது?

வரப்போரம் எழுதியது:

போதாது. வறட்சிக்கு எதுவும் வேண்டியதில்லை. அது யாரையும் குறிவைப்பதில்லை, யாரோடும் பேரம் பேசாது, மனம் மாறாது. எதிரில் இருப்பவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தால்தான் மோதல். உங்கள் கதையில் வறட்சி அடிக்கிறது, இருவரும் வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் இன்னும் பலமாக அடிக்கிறது, இன்னும் பொறுமையாக வாங்கிக்கொள்கிறார்கள். வாசகருக்கு இரக்கம் வரும். இவர்கள் என்ன முடிவெடுப்பார்களோ என்ற தவிப்பு எப்படி வரும்? முடிவெடுக்க வேண்டிய இடமே இல்லையே.

வில்லன் வேண்டாம் என்று நீங்கள் சொல்வது சரி. குடிகாரனும் வேண்டாம். வறட்சி ஒரு கேள்வி கேட்கட்டும். அதற்கு அவனிடம் ஒரு பதில், அவளிடம் வேறொரு பதில். இரண்டு பதிலும் நியாயமாக இருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.

வீட்டில் விதைக்கென்று எடுத்துவைத்த தானியம் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை. குழந்தைக்கு உடம்பு மெலிந்துகொண்டே வருகிறது. விதையை எடுத்துச் சமைத்தால் இந்த மாதம் ஓடும், ஆனால் மழை வந்தால் நிலம் தரிசாகக் கிடக்கும். வைத்திருந்தால் அடுத்த வருடம் உண்டு, அதுவரை குழந்தை தாங்குமா தெரியாது. இதில் எவர் பக்கம் நின்றாலும் அவர் குடும்பத்தைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார். அன்பு கெட வேண்டிய அவசியமே இல்லை. சொல்லப்போனால், அன்பு இல்லாத இடத்தில் இந்தச் சண்டைக்கு வலியே கிடையாது.

எதிர்க்காற்று எழுதியது:

வரப்போரம் சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. கதை என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்றாக வேண்டும் என்பது ஒரு மரபு மட்டுமே. ஜப்பானியர்களிடம் கிஷோதென்கெட்சு என்றொரு கட்டமைப்பு உண்டு. சீனத்தின் நான்கடிக் கவிதையிலிருந்து வந்தது. தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிப்பு என நான்கு பகுதி. மூன்றாம் பகுதியில் எதிர்பாராத ஒன்று உள்ளே வந்து, முதல் இரண்டு பகுதிகளை வேறு கண்ணால் பார்க்க வைக்கும். அதற்கு எதிராளி தேவையில்லை.

தூறல் பட்டியலிட்ட சம்பவங்களைப் பாருங்கள். கிணறு வற்றுகிறது, மாடு சாகிறது, பூச்சி விழுகிறது. மூன்றும் ஒரே திசையில் போகின்றன, மூன்றுமே இழப்பு. குறை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நடுவில் மழை பெய்யட்டும். ஒரே ஒரு நல்ல மழை, அதுவும் தப்பான வாரத்தில். எல்லாம் தலைகீழாகும். துன்பத்துக்குப் பழகிய இரண்டு பேர் நம்பிக்கையைத் தாங்குகிறார்களா என்று பார்க்கலாம்.

மேட்டுநிலம் எழுதியது:

நான் எழுத்தாளன் இல்லீங்க, வாசகன். மானாவாரி விவசாயம் பாக்குறவன். அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு வார்த்தை.

வெளியிலேர்ந்து பாக்குறவங்க வறட்சின்னா காத்திருக்கறதுன்னு நினைக்கிறாங்க. அது அப்படி இல்லை. வறட்சியில முடிவு எடுத்துக்கிட்டே இருக்கணும், ஒவ்வொரு முடிவுக்கும் கெடு இருக்கு. முதல் மழைக்கே விதைக்கிறதா, ரெண்டாவது மழைக்குக் காத்திருக்கிறதா? முதல் மழைக்கு விதைச்சு அடுத்தது வரலைன்னா முளைச்சது அத்தனையும் கருகும், விதையும் போச்சு. காத்திருந்தா பருவம் சுருங்கும், பயிர் பூக்குற நேரத்துல ஈரம் இருக்காது. மக்காச்சோளம் மாதிரிப் பயிருக்குப் பூக்குற சமயத்துல தண்ணி இல்லைன்னா அதுக்கு முன்னாடி எவ்வளவு நல்லா வளர்ந்திருந்தாலும் கதிர்ல மணி பிடிக்காது.

மாட்டை எடுத்துக்குங்க. உடம்புல சதை இருக்கும்போதே வித்தா நல்ல விலை. எல்லாரும் விக்க ஆரம்பிச்ச பிறகு போனா கேட்ட விலைக்குக் குடுத்துட்டு வரணும். ஆனா சீக்கிரம் வித்துட்டு மறுவாரமே மழை வந்தா உழ மாடு இருக்காது. அப்புறம் கிணறு. இன்னும் ஆழப்படுத்தலாம், கடன் வாங்கித்தான். சில இடத்துல ஆழம் போகப்போக உப்புத் தண்ணிதான் வரும். அதைப் பாய்ச்சினா ரெண்டு பருவத்துல மண்ணு மேல வெள்ளையா பூத்துடும். இருக்கற கொஞ்சம் தண்ணியை முழு நிலத்துக்கும் காட்டுறதா, பாதியைக் கைவிட்டுட்டு பாதியைக் காப்பாத்துறதா? எந்தப் பாதி?

இன்னொரு விஷயம். ஒரே வயலை ரெண்டு பேரும் ஒரே மாதிரி பாக்குறதில்லை. மத்தியானம் தோகை சுருண்டிருந்தா பயப்பட வேண்டாம், வெயிலுக்குச் சுருளும், சாயங்காலம் விரியும். விடியக்காலையில போய்ப் பாக்கும்போதே சுருண்டிருந்தா அதுதான் கெட்ட சேதி. காலையில முதல்ல வயலுக்குப் போறது யாரு? அவங்களுக்குத்தான் அது முதல்ல தெரியும். தெரிஞ்சதை வீட்டுல வந்து சொல்லுறாங்களா, ஒருநாள் பொறுக்கறாங்களா? களை எடுக்குறவங்க குனிஞ்சு வேரைப் பாக்குறாங்க. தண்ணி கட்டுறவங்க மடையைப் பாக்குறாங்க. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது வேற வேற. மோதலை எங்கேயும் போய்த் தேட வேண்டாம், அந்த வயல்லயே கிடக்கு.

வரப்போரம் எழுதியது:

மேட்டுநிலம் ஐயா, "எந்தப் பாதி?" என்று கேட்டீர்களே, அதில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. ஒரு பாதி அவன் அப்பா காலத்தில் கல் பொறுக்கித் திருத்தியது, இன்னொரு பாதி அவள் கல்யாணமாகி வந்தபின் இருவரும் சேர்ந்து திருத்தியது என்று வைத்துப்பாருங்கள். தண்ணீர் ஒன்றுக்குத்தான் எட்டும்.

மைக்கூடு எழுதியது:

படித்ததிலிருந்து இரண்டு உதாரணம் சொல்கிறேன். தூறல் கேட்ட கேள்விக்கு நேராகப் பொருந்துபவை.

பிரேம்சந்தின் இந்தி நாவல் கோதான், 1936. ஹோரி, அவன் மனைவி தனியா, ஏழை விவசாயத் தம்பதி. வறுமை முதல் பக்கத்திலிருந்தே இருக்கிறது, ஆனால் மோதல் வறுமையில் இல்லை. ஹோரி ஆசைப்பட்டுக் கொண்டுவந்த பசுவுக்கு அவன் தம்பியே விஷம் வைத்துவிடுகிறான். போலீஸ் வருகிறது, தம்பி வீட்டைச் சோதனை போடப்போவதாக மிரட்டுகிறது. குடும்ப மானம் போய்விடும் என்று ஹோரி கடன் வாங்கி லஞ்சம் கொடுக்கக் கிளம்புகிறான். தனியா ஊரார் முன்னிலையில் துணியில் முடிந்திருந்த அந்தப் பணத்தை வெடுக்கென்று இழுக்கிறாள், காசு தரையில் சிதறுகிறது. அவனுக்கு உறவின் மானம் பெரிது. வீட்டில் பிள்ளைகள் அரைவயிற்றோடு இருக்கும்போது யார் மானத்தைக் காக்கக் கடன் என்பது அவள் கேள்வி. இருவரில் யாரைத் தப்பு என்பீர்கள்? ஹோரி கோழை இல்லை, தனியா பிடாரி இல்லை. அந்தக் காட்சிக்குப் பிறகும் அவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத தம்பதிதான்.

இன்னொன்று பேர்ள் பக்கின் நல்ல நிலம் நாவல், 1931. சீன விவசாயி வாங் லுங், அவன் மனைவி ஓ-லான். பஞ்சத்தில் உழவுமாட்டைக் கொல்ல வாங் லுங்குக்கு மனம் வரவில்லை, ஓ-லான்தான் கொல்கிறாள். பஞ்சத்தைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்கு நிலம் கேட்டு ஆட்கள் வரும்போது, நிலத்தை விற்கமாட்டோம், வீட்டுச் சாமான்களை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிதானமாகச் சொல்வதும் அவள்தான். அதாவது பஞ்சகாலத்தில் இருவரும் ஒரே பக்கம். முறிவு வருவது வசதி வந்த பிறகு. துணி துவைத்துக்கொண்டிருப்பவளிடம் போய், அவள் இத்தனை காலம் நெஞ்சோடு ஒளித்து வைத்திருந்த இரண்டு முத்துகளைக் கேட்கிறான், வேறொரு பெண்ணுக்குக் கொடுப்பதற்காக. அவள் கொடுத்துவிடுகிறாள். அந்த நாவலில் பஞ்சத்தைவிடக் கொடுமையான பக்கம் எனக்கு அதுதான். எதிர்க்காற்று சொன்ன "நடுவில் மழை பெய்யட்டும்" என்ற யோசனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

நம் பக்கத்திலும் பாருங்கள். வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். சங்கப் பாடல்களில் அந்த ஊடலுக்குக் காரணம் பெரும்பாலும் தலைவனின் பரத்தையர் உறவு, வறட்சி இல்லை. இருந்தாலும் வயலையும் தம்பதியின் பிணக்கையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த மரபு நம்முடையது. வள்ளுவர் உழவு அதிகாரத்தில் இன்னும் ஒரு படி போகிறார்: "செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்" (1039). நிலத்துக்குரியவன் போய்ப் பார்க்காவிட்டால் நிலமே மனைவியைப்போல ஊடிவிடுமாம். அப்படியானால் அந்த வீட்டில் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். அவன் யாரோடு அதிக நேரம் இருக்கிறான், யாருக்கு முதலில் தண்ணீர் காட்டுகிறான் என்று எழுதிப்பாருங்கள். வட்டிக்காரன் இல்லாமலேயே உங்களுக்கு மூன்றாவது ஆள் கிடைத்துவிடும்.

களத்துமேடு எழுதியது:

மைக்கூடு சொன்ன குறளை நானும் ரசிப்பவள். ஆனால் அதை அப்படியே கதையில் வைத்தால் ஒரு ஆபத்து உண்டு. நிலமும் பெண், மனைவியும் பெண், ஆசைப்படுவதும் முடிவெடுப்பதும் அவன் மட்டும் என்று ஆகிவிடும். இந்த வகைக் கதைகளில் மனைவி எப்போதும் தாங்குபவள். பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரிப்பாள், தன் பங்கைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் பசியில்லை என்பாள். படித்துப் படித்துச் சலித்துவிட்டது. தியாகம் மட்டுமே செய்யும் ஒருத்தியோடு யாரும் மோத முடியாது. தூறலின் கதை நகராமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவளுக்கு என்ன வேண்டும்? ஒருவேளை இந்த நிலத்தை விட்டுப் போக வேண்டும் என்று அவள் நினைக்கலாம். சோம்பலாலோ ஆசையாலோ இல்லை, கணக்குப் பார்த்து. அவள்தான் வீட்டின் வரவுசெலவைப் பார்ப்பவள், இந்த மண் இனி தாங்காது என்று அவனைவிட முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறது? அவள் உழைப்பும் அதில் பாதி. விற்பதற்கோ விற்காமல் இருப்பதற்கோ அவள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டா? ஒருவர் எடுத்த முடிவின் விளைவை இரண்டு பேரும் சுமக்கிறார்கள் என்பதே பெரிய மோதல், அதை எழுத ஒரு கெட்டவரும் தேவையில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து கணவனின் சாவில் கொண்டுபோய் முடித்துவிடாதீர்கள். விவசாயி கதை என்றாலே அங்கேதான் போய் நிற்கிறது. நடக்காததா என்று கேட்பீர்கள். நடக்கிறது, அதன் வலி பெரிது. அதனாலேயே அதை முடிவுக்கு வசதியான கதவாகப் பயன்படுத்தக் கூடாது. இருவருக்கும் நடுவில் எழுப்பிய கேள்வியை அவர் சாவு தீர்க்காது, பேச்சை நிறுத்திவிடும், அவ்வளவுதான். அதன்பின் அவள் என்ன செய்தாள் என்பதை எழுத உங்களுக்குத் தெம்பு இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

எதிர்க்காற்று எழுதியது:

களத்துமேடு அக்கா சொன்ன பெயர் விவகாரத்தோடு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் 1862-இல் வந்த குடியேற்ற நிலச் சட்டப்படி 160 ஏக்கர் வரை நிலம் கோர முடிந்தது. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் அது சொந்தமானது. மணமாகாத பெண் தன் பெயரில் கோர முடிந்தது, மணமானவளால் பொதுவாக முடியவில்லை. இந்த மூன்று விதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தம்பதியை மேட்டு வறள்நிலத்தில் குடிவைத்துப் பாருங்கள். நாலாவது வருடம் வறட்சி. போய்விட்டால் நாலு வருட உழைப்பும் போச்சு. இருந்தால் இன்னும் ஒரு வருடம்தான், ஆனால் அதைத் தாண்டுவார்களா? யாரும் யாரையும் திட்டத் தேவையில்லை, சட்டமே கடிகாரத்தை மாட்டிவிட்டது.

தூறலின் கதையில் அப்படி ஒரு கெடு இல்லை என்று நினைக்கிறேன். மூன்று வருட வறட்சி என்றால் அது எப்போது முடியும் என்று பாத்திரங்களுக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. மழை எப்போது வரும் என்பது தெரியாமல் இருக்கட்டும். விதை எத்தனை நாளைக்கு, தீவனம் எத்தனை நாளைக்கு என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

மோதல் இல்லாமலும் கதை உண்டு என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இந்தக் கதைக்கு அது பொருந்துமா என்பதில்தான் இப்போது யோசனை.

தூறல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரே மூச்சில் படித்தேன். விதையை வைத்து ஒரு காட்சி எழுதிப் பார்க்கப் போகிறேன். ஒரு சந்தேகம். என் பாத்திரங்கள் அதிகம் பேசாதவர்கள். "விதையை எடுக்காதே", "குழந்தை முக்கியமில்லையா" என்று எதிரெதிரே நின்று வசனம் பேசினால் அவர்களுக்கு ஒட்டாது, மேடை நாடகமாகிவிடும். பேசாதவர்களை எப்படி மோதவிடுவது?

வரப்போரம் எழுதியது:

பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் எந்த விஷயத்துக்காகச் சண்டை போடுகிறார்களோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். கை வேலை பேசும். சும்மா ஒரு மாதிரிக்கு எழுதுகிறேன், உங்கள் நடை வேறாக இருக்கும்:

அவன் உள்ளே வந்தபோது அவள் குதிரின் மூடியைத் திறந்து வைத்திருந்தாள். கை முழங்கைவரை உள்ளே போயிருந்தது. அவன் எதுவும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த கலப்பையை இழுத்துப்போட்டு கொழுவைக் கல்லில் தேய்க்க ஆரம்பித்தான். உழுவதற்கு மண்ணில் ஈரமில்லை. கொழு ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

"இப்பதான் தூங்கினான். சத்தத்துக்கு முழிச்சுக்குவான்."

"முழிச்சா முழிக்கட்டும்."

அவள் கையை வெளியே எடுத்தாள். ஒரு பிடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு பிடியையும் திரும்ப உள்ளே போட்டு, மூடியைச் சாத்தி, அதன்மேல் அவளால் தனியாக எளிதில் தூக்க முடியாத கல்லைத் தூக்கி வைத்தாள்.

விதை என்ற சொல்லே வரவில்லை, பசி என்ற சொல்லும் வரவில்லை. யார் ஜெயித்தார் என்றும் தெரியாது. கல்லை அவள் வைத்தது அவனுக்குக் கீழ்ப்படிந்தா, நாளைக்குத் தன்னையே தடுத்துக்கொள்ளவா என்று வாசகர் யோசிக்கட்டும். அடுத்த காட்சியில் அந்தக் கல் இடம் மாறியிருக்கிறது. நகர்த்தியது யார்?

களத்துமேடு எழுதியது:

நகர்த்தியது அவனாக இருக்கட்டும். வாசகர் அவள் என்றுதான் நினைப்பார்.

மைக்கூடு எழுதியது:

களத்துமேடு சொன்னதை நான் இரண்டு தடவை படித்தேன். அவன்தான் நகர்த்தினான் என்றால் அதுவரை அவன் பிடித்த பிடி முழுவதும் வேறு அர்த்தம் எடுக்கிறது. அவளுக்குத் தெரியாமல் தன் பதிலைக் கைவிட்டிருக்கிறான். அவள் அதே நேரத்தில் அவன் பதிலுக்கு மாறியிருக்கிறாள். இருவரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து, மறுபடி எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கிறார்கள். தூறல், நீங்கள் எழுத வந்த அன்பு இதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

தூறல் எழுதியது:

இருக்கிறது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. மாடு சாகும் அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். அதற்குப் பதில் மாட்டை விற்கலாமா என்ற பேச்சு வரும், விற்கக் கிளம்பும் நாளில் வானம் மூடும். பூச்சி விழும் பகுதியும் வேண்டாம். விதையும் தண்ணீர் பாயும் பாதி நிலமும் போதும்.

மேட்டுநிலம் ஐயாவிடம் ஒரு கேள்வி. மூன்று வருடம் மழை இல்லை என்றால் அந்த விதையும் பழையதாகியிருக்கும் அல்லவா? அது முளைக்குமா என்பதை அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்?

மேட்டுநிலம் எழுதியது:

நல்ல கேள்வி. பூச்சி அரிக்காம, ஈரம் படாம வச்சிருந்தாலும் வருஷம் ஆக ஆக முளைப்பு குறையும். எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாக்க எளிய வழி இருக்கு. நூறு விதையை எண்ணி ஈரத்துணியில பரப்பிச் சுருட்டி வைக்கணும். துணி காயாம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும், ஒரு வாரத்துல பிரிச்சு எண்ணிப் பாக்கலாம். எண்பது, தொண்ணூறு முளைச்சிருந்தா பயமில்லை.

உங்க கதையில அதையும் வச்சுக்கலாம்னு தோணுது. அந்த நூறு விதையே அந்த வீட்டுல ஒரு வாய்க்கு ஆகும், அதைத் துணியில போடுறதுக்கே ஒருத்தர் யோசிப்பாங்க. குடிக்கிற தண்ணியிலேர்ந்துதான் தெளிக்கணும். பிரிச்சுப் பாக்கும்போது அறுபது முளைச்சிருக்குன்னு வச்சுக்குங்க. பாதிக்கு மேல உயிர் இருக்குன்னு ஒருத்தர் சொல்வாங்க. நாப்பது போச்சேன்னு இன்னொருத்தர் சொல்வாங்க. அறுபதுன்னா வழக்கமா போடுற அளவைவிடக் கூடுதலாப் போட்டுத்தான் விதைக்கணும், இல்லைன்னா பயிர் இடைவெளி விட்டு வரும். அப்படிப் போட்டா குதிர்ல இருக்கறது மொத்தமும் நிலத்துக்கே சரியாப் போயிடும், சமைக்க ஒரு பிடி மிஞ்சாது.

வேர் விட்ட சிலது முளை வளைஞ்சு, நுனி கறுத்து இருக்கும். அதை எண்ணிக்கையில சேர்க்கறதா இல்லையான்னு அனுபவப்பட்டவங்களுக்குள்ளயே சண்டை வரும். நான் சேர்க்கமாட்டேன். எங்க வீட்டுல சேர்ப்பாங்க.